அடிக்கப்பட்ட பெயர்

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி - ஆறு கேள்விகளுக்கும் பதில் இருந்தால் செய்தி தயார். டெல்லியில் இதழியல் வகுப்பில் சேர்ந்த புதிதில் இப்படித்தான் நம்பினேன். பயிற்சிக்காகக் காவல் நிலையத்தில் விவரம் திரட்டி, ஒரு பாலியல் வன்முறை வழக்கைப் பற்றி எழுதினேன். முதல் வரியிலேயே அந்தப் பெண்ணின் பெயர், தெரு.

ஆசிரியை பெயரை அடித்தார். பெயரை வெளியிட்டால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்கிறது சட்டம். 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 228ஏ பிரிவு அது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு. பிறகு தெருவையும் அடித்தார். "தெரு தெரிந்தால் அக்கம்பக்கத்தாருக்குப் பெயர் எதற்கு?"

அது வெறும் வகுப்புத் தாள் என்பதால் அந்தப் பெண் தப்பினாள். நாளிதழாக இருந்திருந்தால்? 'யார்' என்று எழுதும்போதெல்லாம் அந்தச் சிவப்புக் கோடு நினைவுக்கு வருகிறது.