ஊராரின் சம்மதம்

கீழப்பாவூர்க் குளத்தின் கரையில் நின்றுகொண்டு, குற்றால மலையில் பெய்த மழை சிற்றாறாக இறங்கித் தென்காசியைக் கடந்து, அணைக்கட்டில் திருப்பப்பட்டுக் கால்வழியே ஊர்களுக்குள் புகுந்து, ஒரு குளம் பெருகினால் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்குப் போய், எஞ்சியது மீண்டும் ஆற்றையே நாடி, முடிவில் சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியோடு கலக்கிற கதையை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்ப்பவருக்கு, ஓர் ஊரின் நீர் அந்த ஊருக்கு மட்டும் சொந்தமில்லை என்பது யாரும் எடுத்துச் சொல்லாமலே விளங்கிவிடும். பிசான நெற்பயிருக்கு மடை திறந்து பழகிய பெரியவர் ஒருவர், கரையின் ஈரமண்ணில் கால் கட்டைவிரலால் நாலு கோடு கிழித்து, எந்த மடையின் நீர் எந்த வயலுக்குப் பாயும், எந்த வயலின் கசிவு எந்தக் கிணற்றில் ஊறும் என்று எனக்குக் காட்டினார். அவர் எந்த இன்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். ஆனால் இந்தப் பிரதேசத்தில் ஒரு பள்ளத்தில் விஷத்தைக் கொட்டினால் அது எத்தனை மாதத்தில் யார் வீட்டுக் குடத்துக்கு வந்து சேரும் என்ற கேள்விக்கு, முதலில் விசாரிக்கப்பட வேண்டியவர் அவரே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

2024 டிசம்பரில் திருநெல்வேலிக்கு அருகே கோடகநல்லூர், பழவூர், கொண்டாநகரம் முதலான ஊர்களின் சுற்றுவட்டாரத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பயன்படுத்திய ஊசிகளும் கையுறைகளும் இரத்தக் குப்பிகளும் மருந்துக் கழிவுகளும், திருவனந்தபுரத்து மருத்துவமனைகளைச் சேர்ந்த நோயாளிகளின் விவரம் எழுதிய காகிதங்களோடு சேர்ந்து, குவியல் குவியலாகக் கிடந்தன. ஊர் ஜனங்கள் முறையிட்டார்கள், செய்தி பரவியது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, மூன்று நாட்களுக்குள் கேரளமே வந்து இவற்றை அள்ளிச் செல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமையன்று, அந்த மாநிலத்து அதிகாரிகளின் மேற்பார்வையில் லாரிகள் வந்து கழிவை ஏற்றிக்கொண்டு திரும்பின.

அந்தக் காகிதங்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். ஒரு மனிதர் தம் வாழ்வின் மிகத் துயரமான நாட்களில், மருத்துவரை நம்பி, தம் பெயரையும் வயதையும் நோயின் விவரத்தையும் ஒப்படைத்த தாள், மலைக்கு இந்தப் பக்கம் ஆடு மேய்கிற தரிசில் காற்றில் பறந்து கிடந்தது. அந்த நோயாளிக்கும் இது அவமானம். அந்தத் தாள் பறந்து வந்து விழுந்த நிலத்துக்காரருக்கும் அவமானம். கழிவு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அந்தத் தாள்களே உதவின என்பதை எண்ணும்போது, அவையும் எரிந்து போயிருந்தால் இவ்விஷயத்தில் யாரைப் பிடித்து யாரை விசாரித்திருப்போம் என்ற கவலை மேலும் பெரிதாகிறது.

சட்டம் இல்லாத குறையால் இது நடக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, சுத்திகரிக்கப்படாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்து, பைகளில் குறியீடு ஒட்டி, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும். எரிக்க வேண்டியவற்றை எரிக்கும் உலையின் இரண்டாம் அறையில் வெப்பம் 1050 டிகிரி அளவில் இருக்க வேண்டும், புகை அங்கே இரண்டு வினாடியாவது தங்கியே வெளியேற வேண்டும். இத்தனை நுட்பமும் எதற்காக என்றால், பிளாஸ்டிக் குழாய்களையும் பைகளையும் குறைந்த வெப்பத்தில் எரித்தால் டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது என்பதற்காகவே. அவ்வளவு வெப்பத்தைக் கேட்கிற பொருளை, நடுநிசியில் ஒரு புஞ்சைக் காட்டில் கொட்டி, ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

எப்படி வந்து சேருகிறது என்பதும் இரகசியமில்லை. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து நாள்தோறும் கேரளத்துக்குச் சரக்கு போகிறது; ஓணம் நெருங்கினால் சந்தையில் நிற்க இடமிருக்காது. காயும் கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு மலையேறிப் போகிற வண்டி, வெறும் வண்டியாகத் திரும்பினால் நஷ்டம். அந்த வெற்றிடத்தை நிரப்பக் கூலி பேசுகிற இடைத்தரகர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், வந்த சுமையை இறக்கத் தரிசையோ கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்தையோ காட்டிக்கொடுக்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டி நெல்லைக்குப் போகிற லாரி செங்கோட்டை, தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று நம் வாசல் வழியேதான் போகிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இத்தகைய கழிவைக் கொட்டுவோரைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரத் திருத்தம் நிறைவேற்றியது. அச்சம் ஓரளவுக்குப் பயன்படும். ஆயினும் கழிவு பிறக்கிற இடத்தில் அதற்கு ஒரு கதி ஏற்படாத வரையில், லாரிக்காரனைச் சிறையில் அடைப்பதால் லாரி நிற்கப் போவதில்லை.

இதை இரு மொழிக்காரர்களின் சண்டையாக்கிப் பேசுவோரும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த அணையைத் திருப்பூர்ச் சாயநீரின் தொட்டியாக்கியவர்கள் அயலார் அல்லர். மேலும், கேரளத்தின் விளப்பில்சாலை என்ற கிராமத்தை அறிந்தவர்கள் மலையாளிகள்மீது பொதுவாகப் பழிபோட மாட்டார்கள். திருவனந்தபுரம் நகரத்தின் குப்பை முழுவதும் 2000-ஆம் ஆண்டு முதல் அந்தக் கிராமத்து ஆலைக்குத்தான் போயிற்று. நாற்றத்தையும் கசிவுநீரையும் பதினோரு ஆண்டுகள் சகித்த பிறகு, 2011 டிசம்பரில் ஊராட்சியே ஆலைக்குப் பூட்டுப் போட்டது. மறு ஆண்டு, நீதிமன்ற உத்தரவின் பலத்தோடு போலீஸ் பாதுகாப்பில் இயந்திரங்கள் வந்தபோதும், ஆணும் பெண்ணுமாகச் சாலையில் அமர்ந்து திருப்பி அனுப்பினார்கள். நம்மைப் போன்றே கிணற்றையும் குளத்தையும் நம்பிப் பிழைக்கிற ஜனங்கள் அவர்கள்.

கிராமத்தார் மறுத்துக்கொண்டே போனால் கழிவு எங்கேதான் போகும் என்று நகரவாசிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், அதற்கு விளப்பில்சாலையிலேயே விடை கிடைத்தது. கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமற்போன திருவனந்தபுரம், வேறு வழியின்றி, வீட்டு உரத் தொட்டிகளையும் தெருமுனைக் காற்றுவழி உரக்கூடங்களையும் நாடத் தொடங்கியது. ஒரு கிராமம் கதவைச் சாத்திய பிறகே தலைநகரம் தன் குப்பையைத் தானே ஏறிட்டுப் பார்த்தது. அந்த மாற்றம் மருத்துவக் கழிவு வரை நீளாததன் பலனையே கோடகநல்லூர் அனுபவித்தது.

கள்ளத்தனமாகக் கொட்டுவதற்கு மாற்றாகச் சட்டப்படியான கிடங்கு வந்தால் நல்லதுதானே என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் வாரன் மாவட்டத்து வரலாறு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிசிபி என்னும் நச்சு இரசாயனம் கலந்த எண்ணெயை 1978-இல் சிலர் இரவு வேளைகளில் லாரியிலிருந்து சாலையோரங்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு ஒழுகவிட்டார்கள். கெட்டுப்போன அந்த மண்ணையெல்லாம் வாரிப் புதைப்பதற்கு அரசாங்கம் தேர்ந்தெடுத்த இடம், ஏழைக் கறுப்பின விவசாயிகள் மிகுந்த ஆப்டன் என்ற சிற்றூர். அங்கே நிலத்தடி நீர் மட்டம் உயரம், கிணற்று நீரையே குடிக்கிறோம் என்று ஜனங்கள் மன்றாடினார்கள். 1982-இல் லாரிகளின் முன்னே சாலையில் படுத்தார்கள். 500-க்கு மேற்பட்டோர் கைதானார்கள். கிடங்கு கட்டி முடிக்கப்பட்டது. ஈரமே புகாது என்று வாக்களித்த அந்தக் குழிக்குள் பிறகு நீர் தேங்கியது. இருபது ஆண்டுகளுக்குப் பின், பெரும் பொருட்செலவில், அந்த மண்ணைத் தோண்டியெடுத்து நஞ்சு நீக்க வேண்டியதாயிற்று. களிமண்ணையும் பிளாஸ்டிக் விரிப்பையும் அடியில் பரப்பி விஷத்தைக் காலாகாலத்துக்கும் சிறைப்படுத்தலாம் என்று கோப்பில் எழுதியவர்களைக் காட்டிலும், கிணறு வெட்டிய குடியானவர்களே தங்கள் நிலத்தைச் சரியாக அறிந்திருந்தார்கள்.

ஆகவே, நச்சுக் கிடங்கோ மருத்துவக் கழிவு ஆலையோ எந்த ஊரில் உத்தேசிக்கப்பட்டாலும், அந்த ஊரோடு நீர்வழியில் பிணைந்த ஊர்கள் அனைத்தின் சம்மதமும் அதற்கு வேண்டும். கருத்துக்கேட்பு என்ற பெயரில் பந்தல் போட்டு, ஊரார் பேசியதைத் தாளில் எழுதிக்கொண்டு போய், பிறகு எழுதாததுபோல் அனுமதி வழங்குகிற நடைமுறையைச் சம்மதம் என்று சொல்வதற்கில்லை. ஒடிசாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா என்பதை 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளின் முடிவுக்கு விட்டது, பன்னிரண்டு சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன, மலை தப்பியது. பழங்குடி மக்களுக்கென்று உள்ள வனச் சட்டத்தின் பலத்தால் கிடைத்த உரிமை அது. குளத்தை நம்பியிருக்கிற குடியானவர்களுக்கும் அத்தகைய உரிமையைச் சட்டமாக்கித் தர நம் சட்டமன்றத்தால் முடியும். கிராம சபை இல்லாத கீழப்பாவூர் போன்ற பேரூராட்சிகளையும் அதில் விடாமல் சேர்க்க வேண்டும்.

நம் கடமையும் இதில் உண்டு. தென்காசியிலும் பாவூர்சத்திரத்திலும் உள்ள மருத்துவமனைகளின் கழிவு நாள்தோறும் எந்த வண்டியில் ஏறி எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அந்தக் கணக்கை நம் மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலமாகக் கேட்போம். கூடவே கைவிடப்பட்ட குவாரிப் பள்ளங்களின் பட்டியலும், அவை ஒவ்வொன்றும் எந்தக் குளத்தின் நீர்ப்பிடிப்பில் இருக்கிறது என்கிற வரைபடமும் வேண்டும். அந்தப் படத்தை வரைகிற நாளில், கரைமண்ணில் கால்விரலால் கோடு கிழித்துக் காட்டிய அந்தப் பெரியவரையும் அவரைப் போன்றவர்களையும் மேசைக்கருகே உட்காரவைத்துக்கொள்ள வேண்டும்.