ஏழுக்குக் கீழே புளிப்பு

தேசிக்காய்ச் சாறு புளிக்கின்றது. அப்பச்சோடா கரைத்த நீர் புளிப்பதில்லை. நாவறிந்த இவ்வேறுபாட்டை எண்ணால் அளப்பது எங்ஙனம்? கண்ட திரவத்தையெல்லாம் நாவிலிட்டுப் பார்த்தல் தகாது. கடிய அமிலம் நாவையே பொசுக்கிவிடும்.

இதற்கு வழி கண்டவர் டென்மார்க்கு நாட்டு இரசாயன அறிஞர் சோரென்சன். கோப்பன்ஹேகன் நகரின் கால்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் நொதியங்களை ஆராய்ந்துவந்த அவர், 1909ஆம் ஆண்டில் பீ.எச். என்னும் அளவுகோலை வகுத்தார்.

அமிலத்தன்மைக்குக் காரணமாயிருப்பவை ஐதரசன் அயன்கள். 25 பாகை சதம வெப்பநிலையில் ஓர் இலீற்றர் தூய நீரிலே இவை ஏறத்தாழ 0.0000001 கிராம் அளவே உள. தசமப் புள்ளிக்குப் பின் ஏழாம் இடத்தில் 1 நிற்பதைக் காண்க. அந்த ஏழே தூய நீரின் பீ.எச்.; அதுவே நடுநிலை. அயன்கள் பெருகினால் அந்த 1 புள்ளியை நெருங்கும். எனவே எண் சிறுக்கும். ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம் என்பது இதனாலேயாம். தேசிச்சாறு ஏறத்தாழ 2, பசுப்பால் 6.6; அப்பச்சோடாக் கரைசல் 8க்குச் சற்று மேல்.

மாணவர் பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. 5க்கும் 6க்கும் வேற்றுமை சிறிதே என எண்ணுவர். அவ்வாறன்று. ஒரு படி இறங்கினால் அயன்கள் பத்து மடங்கு. இரு படி இறங்கினால் நூறு மடங்கு.

நமது இரத்தத்தின் பீ.எச். 7.35க்கும் 7.45க்கும் இடைப்பட்டது. அது 7.4இலிருந்து 7.1க்கு இறங்குமாயின், எண்ணிலே குறைந்தது 0.3 மாத்திரமே, அயன்களோ இரட்டித்துவிட்டன! கட்டுக்கடங்காத நீரிழிவு நோயிலே இந்நிலை நேர்வதுண்டு. ஏழுக்கு மேல்தானே என்று வாளாவிருந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவரை நாடல் வேண்டும்.

வீட்டிலே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். செவ்வரத்தம்பூ இதழ்களைச் சுடுநீரிலிட்டுச் சாயம் இறக்குக. ஒரு பங்கிலே தேசிச்சாறு விட்டால் செந்நிறம் ஓங்கும். மறு பங்கிலே அப்பச்சோடா இட்டால் செம்மை மாறிப் பச்சை சாயும். பூ நிறத்தால் கூறுவதையே பீ.எச். எண்ணால் கூறுகின்றது. அவ்வெண்ணில் ஒரு சிறு புள்ளி மாறினும் அதனை அற்பமென்று நாம் இகழலாகாது.