மண்ணை அறிந்தவரின் ஊகம்



இளைய வாசகர்கள் எழுதும் கடிதங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. வாகனம் ஓட்டும் கணினி விளையாட்டுகளில் அடுத்து எந்த ஜீப் வரும், எந்தப் பாரவண்டி வரும் என்பதுதான் அது. எழுவைதீவிலிருந்து ஒரு மாணவர் இதைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். எவை வரக்கூடும், எவை வராது, ஏன் என்று காரணங்களோடு பட்டியலே போட்டிருக்கிறார். இரண்டு சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த பரப்புள்ள தீவு அது. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகு ஏறித்தான் போய்ச் சேர வேண்டும். நான்கு சில்லுக்கும் இயந்திர விசை போகும் வாகனத்தின் நுணுக்கத்தை அங்கிருக்கும் பிள்ளை திரையில் கற்றுக்கொண்டு எங்களுக்கு விளக்குகிறார். படித்தபோது மனம் நிறைந்தது. அதனால் இந்த இதழின் முதற் பக்கத்தை அவருக்கும் அவரைப் போன்ற இரசிகர்களுக்கும் தருகிறேன்.

இந்த ஊக விளையாட்டு எப்படி நடக்கிறது என்று தெரியாத பெரியவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். ஜப்பானில் 1997 டிசம்பரில் தொடங்கிய ‘கிரான் டுரிஸ்மோ’ வரிசையில் ‘கிரான் டுரிஸ்மோ 7’ 2022 மார்ச்சில் வெளிவந்தது. அதில் புதிய கார்கள் சேரும் ஒவ்வொரு முறையும், அதை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி சில நாட்களுக்கு முன்பே ஒரு படத்தை வெளியிடுவார். படத்தில் கார்கள் இருட்டில் நிழலாக மட்டும் நிற்கும். உலகெங்கும் உள்ள இரசிகர்கள் அந்த நிழலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கூரையின் வளைவு, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைப்பட்ட தூரம், நிலத்திலிருந்து அடிப்பாகம் எழும்பி நிற்கும் உயரம் ஆகியவற்றை அளந்து, தயாரித்த நிறுவனத்தையும் ஆண்டையும் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். நிழலைப் பார்த்து ஆளைச் சொல்வதற்கு, பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

சேற்றிலும் பனியிலும் பாரவண்டி ஓட்டும் ‘ஸ்னோரன்னர்’ 2020 ஏப்ரலில் வந்தது. அங்கே ஊகத்துக்கு இன்னோர் அடிப்படை இருக்கிறது. உண்மையான வாகனத்தின் பெயரையும் வடிவத்தையும் பயன்படுத்த உரிமைக்காரரின் அனுமதி வேண்டும். ஃபோர்டு, செவ்ரொலே போன்ற பெயர்கள் அனுமதியோடு வந்தவை. பழைய சோவியத் பாரவண்டிகளின் சாயலில் அமைந்தவை அசோவ், வோரன், தைகா என்று கற்பனைப் பெயர் தாங்கி வருகின்றன. லாண்ட் ரோவரும் ஜீப்பும் பின்னாளில் தனித் தொகுதிகளாகச் சேர்ந்தன. இந்த வரலாறு தெரிந்த இரசிகர், தனக்குப் பிடித்த வண்டி வரவேண்டும் என்ற ஆசையையும் அது வருவதற்கான வாய்ப்பையும் வேறு வேறாக வைத்துப் பார்ப்பார். எழுவைதீவு மாணவரின் கடிதத்தில் நான் கண்ட சிறப்பு இதுதான். தன் ஆசையை ஒரு பக்கத்திலும் சான்றை இன்னொரு பக்கத்திலும் எழுதியிருக்கிறார். பெரியவர்கள் பலருக்கும் கைவராத பழக்கம் இது.

இதைவிட என்னைக் கவர்ந்தது, இந்த விளையாட்டுகள் மண்ணைப் பற்றிக் கற்றுத் தரும் பாடம். 2024 மார்ச்சில் வெளிவந்த ‘எக்ஸ்பெடிஷன்ஸ்’ விளையாட்டில் ஓட்டும்போதே ரயரின் காற்றைக் குறைக்கலாம், கூட்டலாம். காற்றைக் குறைத்தால் ரயர் தட்டையாகி மண்ணில் படும் பரப்பு கூடும். பாரம் பரந்து போவதால் சில்லு மணலில் தாழாது. ஆற்றைக் கடக்குமுன் ஒலியலை அனுப்பி நீரின் ஆழம் பார்க்கும் கருவியும் அதில் உண்டு. தாண்டுபோன வண்டியை மரத்திலோ நங்கூரத்திலோ கம்பி பூட்டி விஞ்ச் வைத்து இழுக்கலாம். தீவுப்பகுதிப் பிள்ளைக்கு இவை புதினமே அல்ல. பவளக்கல் நொறுங்கிய பாதையில் எப்படிப் போவது, மாரியில் தரவை நிலம் எங்கே உள்வாங்கும், கடற்கரை மணலில் எந்த இடம் இறுகியிருக்கும் என்பதெல்லாம் நடந்தும் சைக்கிள் உழக்கியும் அவர் அறிந்தவை. வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுக்க உழவு இயந்திரத்தில் விஞ்ச் பூட்டலாமா கூடாதா என்று கடற்றொழிலாளரிடையே வழக்கே நடந்திருக்கிறது. ஆகவே அடுத்து எந்த வாகனம் வரும் என்று ஊகிக்கும்போது, எந்த மண்ணுக்கு எந்த வாகனம் என்ற கேள்வியை முதலில் எழுப்ப நம் பிள்ளைகளுக்கு முழுத் தகுதி உண்டு.

வாகன வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. போர் முடிந்த பிறகு அப்படி ஒன்றைத் தன் பண்ணையில் ஓட்டிய மொரிஸ் வில்க்ஸ் என்ற பொறியியலாளர், 1947இல் வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில், ரெட் வார்ஃப் விரிகுடாக் கரை மணலில் ஒரு புதிய வாகனத்தின் வடிவத்தைக் கீறிக் காட்டினார் என்பது லாண்ட் ரோவரின் பிறப்புக் கதை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அந்த வாகனம் மேடையேறியது. உலகம் சுற்றிய ஒரு வண்டியின் முதற்கோடு ஒரு தீவின் மணலில் விழுந்தது என்பதை எங்கள் தீவுப் பிள்ளைகள் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நம் நாட்டுச் சூழலும் இந்த ஆர்வத்தை வளர்த்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வீதியில் புது வாகனம் காண்பதே அரிதாக இருந்தது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள் புதிய வாகனங்களைத் திரையில்தான் கண்டார்கள். அவற்றின் உறுப்புகளைப் பெயர் சொல்லிப் படித்ததும் அங்கேதான். வழி திறந்த பிறகும் நல்லதொரு ஜீப்பின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. கைக்கு எட்டாததைக் கற்பனையில் ஓட்டுவதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. நாளை ஒரு நல்ல மெக்கானிக்கும், இயந்திரப் பொறியியலாளரும், விளையாட்டு வடிவமைப்பாளரும் இந்தக் கற்பனையிலிருந்து வரலாம்.

இங்கே என் சொந்த ஆசை ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘ஸ்னோரன்னர்’ விளையாட்டில் வரும் நிலங்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவும் ரஷ்யாவும்தான். அது தொடங்கியதே மிச்சிகன், அலாஸ்கா, தைமீர் என்ற மூன்று களங்களோடு. பனங்கூடலும் உவர்நிலமும் பவளக்கல் மதிலும் உள்ள நெடுந்தீவு போன்ற ஒரு களம் வந்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! அந்தக் களத்துக்கு ஏற்ற வாகனமும் நம்மிடம் இருக்கிறது. லாண்ட்மாஸ்டர் என்று நாம் அழைக்கும் இருசில்லு உழவு இயந்திரம், பின்னால் பெட்டி பூட்டினால் ஆளையும் ஏற்றும், தண்ணீர்த் தாங்கியையும் ஏற்றும், வலையையும் ஏற்றும். நீண்ட பிடியைப் பிடித்து அதைத் திருப்புவதே தனிக் கலை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் வாகனங்களை ஏற்றிக் கடக்கும் ‘பாதை’யும் களத்தில் வேண்டும். சில்லை நேர் பார்த்து அதில் ஏற்றுவதை விடச் சுவையான ஒரு கட்டத்தை எந்த வடிவமைப்பாளரால் யோசிக்க முடியும்?

இது நடக்காத காரியம் என்று எண்ண வேண்டாம். இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட பஸ் விளையாட்டில் இரசிகர்கள் தாமே வாகனம் செய்து சேர்க்க வழி வைத்தார்கள். அந்த வழியாகத் தமிழ்நாட்டு பஸ்களும் இலங்கை பஸ்களும் அதற்குள் ஓடுகின்றன. செய்தவர்கள் பெரிய நிறுவனத்தார் அல்லர். பக்கத்துத் தெருப் பிள்ளைகளைப் போன்றவர்கள். ‘எப்போது வரும்’ என்று காத்திருந்தவர்கள் ‘நாங்களே செய்வோம்’ என்று எழுந்தார்கள். ஊகத்துக்கு இதைவிட உயர்ந்த பயன் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு ஓர் அன்பான எச்சரிக்கையும் உண்டு. ‘புது ஜீப் கசிந்துவிட்டது’ என்று சுற்றும் படங்களில் பொய்யும் கலந்திருக்கும். படத்தை முதலில் வெளியிட்டவர் யார், உருவாக்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்த்த பிறகு நம்புங்கள். இலவசமாகத் தருகிறோம் என்று யாரோ அனுப்பும் கோப்புகளைக் கைபேசியில் இறக்காதீர்கள். அதிகாரபூர்வ இடத்தில் வந்தால் மட்டும் எடுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விளையாட்டுக்கு நேர அளவு வையுங்கள். வைத்துவிட்டு, அந்த நேரத்தில் ஒருநாள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தச் சில்லு ஏன் சுற்றுகிறது, வண்டி ஏன் நகரவில்லை என்று கேளுங்கள். விடை உங்களை வியக்க வைக்கும்.

அடுத்த இதழுக்கு நீங்கள் எழுதுங்கள். உங்கள் ஊரில் ஓடும் ஒரு வேலை வாகனத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் நீள அகலம், சில்லின் அளவு, ஏற்றும் பாரம், அது எந்த மண்ணில் திணறுகிறது, சாரதி அப்போது என்ன செய்கிறார் என்பவற்றை அளந்தும் கேட்டும் எழுதி, ஒரு படமும் வரைந்து அனுப்புங்கள். எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, வேலணை, புங்குடுதீவு என்று எங்கிருந்து வந்தாலும் நல்லவற்றைப் பக்கம் ஒதுக்கி வெளியிடுவோம். புலம்பெயர்ந்த நாடுகளில் விளையாட்டு வடிவமைப்பு படிக்கும் நம் இளையோரும் இதைப் படிக்கிறார்கள். அந்த அளவுகளை எடுத்து ஒரு லாண்ட்மாஸ்டரைத் திரையில் ஓடவிட அவர்களால் முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்