ஆமை பார்க்கப் போறீங்களா? முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க

2025 பிப்ரவரியில் ஒடிசாவின் ருஷிகுல்யா கழிமுகக் கடற்கரையில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட்டன. நம்ம ஊர் மீனவர்கள் 'பங்குனி ஆமை' என்று சொல்வது இதைத்தான். அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். 'அடுத்த வருஷம் நேர்லயே போய்ப் பார்த்துடணும்' என்று தோன்றியிருக்கலாம். ஆசையில் தப்பே இல்லை. ஆனால் எதை, எப்போது, எங்கே நின்று பார்க்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கூட்டம் போனால் என்ன ஆகும்?

கரையேறும் தாய் ஆமை, முட்டையிடத் தொடங்கும்வரை ரொம்பவே உஷாராக இருக்கும். டார்ச் வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ தெரிந்தால், முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். 45 முதல் 60 நாட்களில் பொரியும் குஞ்சுகளுக்கோ வேறு சிக்கல். இரவில் எந்தப் பக்கம் வெளிச்சமோ, அதுதான் கடல் என்று நம்பி ஓடும். ரிசார்ட் விளக்கு எரிந்தால் ஊருக்குள் போய்விடும்.

அப்போ, தடை போட்டால் போதுமா?

ஒடிசாவின் கஹிர்மாதா 1997 முதல் கடல்சார் சரணாலயம். அங்கே ஆமைகள் கூட்டமாக முட்டையிடும் காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதியில்லை. ருஷிகுல்யா அப்படியல்ல, ஊரை ஒட்டிய திறந்த கடற்கரை. வனத்துறை வேலி போடுகிறது. உள்ளூர் இளைஞர்களும் காவல் நிற்கிறார்கள்.

இதற்கான விலையைக் கொடுப்பவர்கள் மீனவர்கள். தாம்ரா, தேவி, ருஷிகுல்யா கழிமுகங்களை ஒட்டிய கடலில் 20 கிலோமீட்டருக்குள், நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடிக்கத் தடை. முழுசாக ஏழு மாதம்! அரசு உதவித்தொகை போதவில்லை என்பது அவர்களின் நீண்டநாள் புகார். சுற்றுலா வருமானமும் அவர்களைத் தாண்டிப் போனால், ஆமையைக் காப்பாற்ற அவர்களுக்கு என்ன காரணம் மிஞ்சும்?

வேளாஸ் சொல்லும் வழி

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் இருக்கிறது வேளாஸ் கிராமம். ஒருகாலத்தில் ஆமை முட்டைகள் திருடுபோன ஊர். 2002 முதல் 'சஹ்யாத்ரி நிசர்க மித்ரா' அமைப்பும் ஊர்க்காரர்களும் சேர்ந்து முட்டைகளை வேலிக்குள் வைத்துப் பாதுகாத்தார்கள். காலையிலும் மாலையிலும் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். பயணிகள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். தங்குவதும் சாப்பிடுவதும் கிராமத்து வீடுகளில். பணம் நேராக அவர்கள் கைக்கே போகிறது.

இதை ருஷிகுல்யாவில் அப்படியே காப்பி அடிக்க முடியாது. வேளாஸில் கூடுகள் குறைவு, எடுத்து வைத்துப் பாதுகாக்கலாம். லட்சக்கணக்கான கூடுகளை என்ன செய்வது? ஆனால் கொள்கையைக் கடன் வாங்கலாம்: தாய் ஆமையைத் தொந்தரவு செய்யாமல் குஞ்சுகளை மட்டும் காட்டுவது, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது, இழப்பைச் சுமப்பவருக்கே வருமானம் போகும்படி செய்வது.

நீங்கள் என்ன செய்யலாம்?

புக் செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி முட்டையிடுறதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமா?" 'தாராளமா, போட்டோவும் எடுக்கலாம்' என்றால் வேறு இடம் பாருங்கள். 'அதெல்லாம் முடியாது, காலையில குஞ்சு விடும்போது வாங்க' என்றால், தைரியமாகப் பணம் கட்டுங்கள்.