விண்ணில் ஓர் அஞ்சல் நிலையம்

கடலுக்குச் சென்றவர் இப்போது எங்கிருக்கிறார் என்னும் ஒரு வரிச் செய்திக்காக இரவும் பகலும் காத்திருந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆகிய ஊர்களைச் சேர்ந்தோர் பலர், கொச்சியைத் தங்குதுறையாகக் கொண்டு, ஆழ்கடலில் தொழில் செய்துகொண்டிருந்தனர். கரையிலிருந்து விடுக்கப்பட்ட எச்சரிக்கை அவர்களைச் சென்றடையவில்லை. அவர்களுடைய குரலும் கரைக்கு எட்டவில்லை. படகிலிருந்த வானொலிக் கருவியின் ஆற்றல் சில பத்து மைல்களோடு முடிந்துவிடுவது. அன்று வேண்டியிருந்தது நீண்ட உரையாடல் அன்று. ஆள் யார், இடம் எது என்னும் இரண்டே சொல்.

இவ்விரண்டையும் ஒரு நொடிக்குள் வானுக்கு எறிந்து, அங்கிருந்து வேறொருவர் கையில் விழச் செய்யும் கலையை, ஹாம் வானொலி அன்பர்கள் நெடுநாளாகப் பயின்று வருகின்றனர். ஊதியம் கருதாது, ஆர்வம் ஒன்றே காரணமாக வானொலி நிலையம் நடத்துவோரையே ஹாம் என்கிறோம். அவர்தம் கலையை இத்திங்கள் காண்போம்.

செய்தியைக் குரலாக அனுப்பாமல், கணிப்பொறி அதனை எழுத்தெழுத்தாக இருவகை ஒலிகளாக மாற்றி, முன்னும் பின்னும் முகவரி கட்டி அனுப்புகிறது. இக்கட்டுக்குப் பாக்கெட் என்று பெயர். பொட்டலம் என்று நாம் சொல்லலாம். அனுப்புவோரின் அழைப்புக்குறி, அகலக்கோடு, நெடுங்கோடு, ஒரு சிறு குறிப்பு ஆகியவை அதனுள் அடங்கும். கலூரிலிருந்து அனுப்பினால், வடக்கு 10 பாகை, கிழக்கு 76 பாகை 18 கலை என்பது ஏறத்தாழ நம் முகவரியாகும். நொடிக்கு 1200 துணுக்கு என்னும் வேகத்தில், நூறெழுத்துப் பொட்டலம் ஒன்று முக்கால் நொடிக்குள் சென்றுவிடும். ஒருவர்க்கொருவர் எழுதும் செய்திக்கு 67 எழுத்துகளே எல்லை. தந்திக்குச் சொல்லெண்ணிக் காசு கொடுத்த தலைமுறையினர்க்கு இச்சிக்கனம் புதிதன்று.

ஏ.பி.ஆர்.எஸ். எனப்படும் இம்முறையை வகுத்தவர் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பணியாற்றிய பாப் புருனிங்கா என்பவர். 1980களின் தொடக்கத்தில், கப்பல்கள் நிற்கும் இடங்களைக் கணிப்பொறியின் நிலப்படத்தில் குறிக்க அவர் எழுதிய நிரலே இதற்கு வித்து. பின்னர் அவருடைய மாணவர் பீசாட் என்னும் சிறு துணைக்கோளைச் செய்தனர். 2001 செப்டம்பரில் அது விண்ணேறியது. தச்சர் பயன்படுத்தும் எஃகு அளவுநாடாவை வெட்டியே அதன் அலைவாங்கியை அமைத்தனர். பெரும்பொருள் செலவிட்டோரே விண்ணை ஆளலாம் என்னும் எண்ணத்தை இது ஒன்றே தகர்க்கப் போதும். புருனிங்கா 2022இல் மறைந்தார்.

துணைக்கோள் இங்கே செய்யும் பணி எளிது. 145.825 மெகாஹெர்ட்ஸ் அலையில் பொட்டலம் ஒன்று காதில் விழுந்தால், அதே அலையில் உடனே அதனைத் திருப்பிச் சொல்லும். கீழே கேட்டுக்கொண்டிருக்கும் நிலையம் அதனை இணையத்தில் சேர்த்துவிடும். பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் இத்தகைய கருவி உண்டு. அந்நிலையம் நானூறு கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 93 நிமிடங்களுக்கு ஒருமுறை உலகைச் சுற்றுகிறது. கொச்சிக்கு நேர் மேலே அது வரும்பொழுது இலங்கையும் மும்பையும் அதன் செவிக்கு எட்டும் வட்டத்துள் அடங்கும். ஆனால் நம் தலைக்கு மேல் அது தங்குவது மிகுதியாகப் போனால் பத்து நிமிடமே.

நம் நாடும் இதில் பின்தங்கியதன்று. 2005 மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஹாம்சாட், 42.5 கிலோ எடையுள்ளது. 2014 வரை ஹாம் அன்பர்தம் குரலையும் மோர்ஸ் குறிகளையும் சுமந்தது. 2015 செப்டம்பர் 28ஆம் நாள் அங்கிருந்தே ஏவப்பட்ட இந்தோனேசியத் துணைக்கோள் ஒன்று பொட்டலம் திருப்பும் கருவியுடன் சென்றது. நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றுவதால், அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 முறை நம் வானில் வரும் பாதையுடையது. எனினும் நம்மை மிகவும் கவர்வது 2019 ஏப்ரல் 1ஆம் நாள் நிகழ்ச்சி. அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டம், துணைக்கோள்களை இறக்கிவிட்ட பின், 485 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தப்பட்டது. வேலை முடிந்ததும் வெறும் குப்பையாகச் சுற்றவேண்டிய அந்த எரிகலத்தில், ஆம்சாட் இந்தியா அமைப்பின் ஏ.பி.ஆர்.எஸ். கருவியும் பொருத்தப்பட்டிருந்தது. சுமை இறக்கிய வண்டியையே அஞ்சல் நிலையமாக்கிய அறிவை எவ்வளவு பாராட்டினும் தகும்.

அவ்வாறாயின் படகுதோறும் இக்கருவி ஒன்றை வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கூடாது என்பதே நம் துணிபு. தாழப் பறக்கும் துணைக்கோள் மறைந்த பின் அழைத்தால் கேட்பாரில்லை. இருவர் ஒரே நொடியில் அனுப்பினால் பொட்டலங்கள் மோதி அழிவதும் உண்டு. மேலும், தொழில், வாணிபச் செய்திகளுக்கு ஹாம் அலைகளைப் பயன்படுத்த விதி இடந்தராது. கடலோடிகளுக்கென இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அமைத்த ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் வழக்கில் உள்ளது. பொத்தானை அழுத்தினால், படகின் இடம் துணைக்கோள் வழியே சென்று மீட்பு மையத்தை அடையும். முதலில் வந்த கருவியில், செய்தி சேர்ந்ததா என்பது அழுத்தியவர்க்குத் தெரியாது. 2024 ஜனவரியில் செயலுக்கு வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, சேர்ந்தது என்ற மறுமொழியைப் படகுக்கே அனுப்புகிறது. கொந்தளிக்கும் கடல் நடுவே அம்மறுமொழியின் மதிப்பைக் கடலோடியின் வீட்டாரே அறிவர். கணவரையும் மக்களையும் கடலுக்கு அனுப்பும் தாய்மார்கள், படகில் எக்கருவி உள்ளது, அது பழுதின்றி இயங்குகிறதா என்று கேட்டறிதல் நன்று.

ஹாம் கலையைப் பிள்ளைகள் பயில விரும்பினால் தடுக்க வேண்டா. அனுப்புவதற்கு மத்திய அரசின் தேர்வும் உரிமமும் வேண்டும், தேறியோர்க்கு வி.யூ. என்று தொடங்கும் அழைப்புக்குறி கிட்டும். உரிமமின்றி அனுப்புதல் குற்றம் என்பதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். தொடக்கத்தில், உரிமம் பெற்ற ஒருவரை அணுகி, அவருடன் மொட்டைமாடியில் நின்று கேட்டுப் பழகலாம். பிளாஸ்டிக் குழாயில் அளவுநாடாத் துண்டுகளைப் பொருத்திச் செய்த அலைவாங்கியே போதும். விரைந்து செல்லும் புகைவண்டியின் ஊதல் தொனி மாறுவதுபோலத் துணைக்கோளின் அலையும் சற்று மாறும்; ஆயினும் இந்த அலைவரிசையில் அம்மாற்றம் மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவே ஆதலால், கருவியைத் திருகிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை.

கலூரில் அடுக்குமாடிகள் வானை மறைத்துவிட்டன என்போர், மேற்கே கடற்கரைப் பக்கம் சென்றால் தொடுவானம் வரை திறந்திருக்கும். விண்வெளி நிலையம் கடக்கும் நேரம் நாள்தோறும் மாறும். முன்னரே கணித்து வைத்துக்கொள்க. கரகரவென்று ஒரு நொடி ஒலித்து நின்றால் அது பழுதன்று, பொட்டலம். அவ்வொலியைக் கேட்ட இளைஞர் எவரேனும் நம் சங்கத்தில் இருப்பின், எந்நாளில் எந்நேரத்தில் கேட்டனர் என்பதை நமக்கு எழுதுக. வரும் இதழில் வெளியிடுவோம்.