கண் கற்றதைக் கை வரையும்

விடுமுறை நாள்களில் மண்டாயிலுள்ள விலங்குத் தோட்டத்தில், ஒராங் ஊத்தான்கள் இருக்கும் இடத்தருகே சற்று நேரம் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். வருபவர்கள் கைப்பேசியை உயர்த்துகிறார்கள். இரண்டு மூன்று படங்களை எடுக்கிறார்கள். அடுத்த விலங்கைத் தேடி நகர்ந்துவிடுகிறார்கள். வீடு திரும்பியபின், “அந்த ஒராங் ஊத்தானுக்குக் கை நீளமா, கால் நீளமா?” என்று கேட்டால், பலரும் பதிலுக்குக் கைப்பேசியைத்தான் தேடுவார்கள். படம் கையில் இருக்கிறது. ஆனால், விலங்கு மனத்தில் இல்லை.

நேரில் பார்த்து வரையும் பழக்கம் இந்தக் குறையைப் போக்கும். ஆனால், ஓவியம் என்றதும் “எனக்கு வரைய வராது” என்று ஒதுங்கிக்கொள்ளும் மாணவர்கள் பலர். வரைதல் ஒரு சிலருக்கு மட்டுமே பிறவியில் வாய்க்கும் வரம் என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த எண்ணம் தவறானது. ஓவியரின் வேலையில் பெரும்பகுதி கண்ணால் செய்யப்படுகிறது. கை அதற்குப் பின்னர்தான் வருகிறது. பொறுமையாகப் பார்க்கப் பழகிய எவராலும் ஓரளவு வரைய முடியும். சிங்கப்பூர்க் கலை வரலாறே இதற்குச் சான்று.

சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில், கொடிகளுக்கு இடையே இரண்டு கிப்பன் குரங்குகள் காணப்படும் ஓவியம் இருக்கிறது. அதை வரைந்தவர் சென் வென் ஷி. சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் 1906ஆம் ஆண்டு பிறந்த அவர், 1940களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வந்து, ஆசிரியராகவும் ஓவியராகவும் வாழ்ந்தார். கிப்பனை அவர் முதலில் அறிந்துகொண்டது, பழங்காலச் சீன ஓவியம் ஒன்றின் அச்சுப்படியிலிருந்துதான். அந்தப் படத்தைப் பார்த்து வரைவதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. உயிருள்ள கிப்பன்களைத் தம் வீட்டிலேயே வளர்த்து, அவை எப்படித் தொங்குகின்றன, எப்படித் தாவுகின்றன, எப்படி ஓய்ந்து அமர்கின்றன என்று நாள்தோறும் கவனித்தார். காட்டு விலங்குகளை வீட்டில் வளர்க்க இன்று சட்டம் இடம் கொடுப்பதில்லை. அது நல்லதும்கூட. ஆனால், அவரிடமிருந்து கற்க வேண்டியது விலங்கை வளர்ப்பதையன்று, சலிக்காமல் பார்ப்பதை.

அவ்வளவு நேரம் பார்ப்பதற்குத் தேவை என்ன? சீன மை ஓவியத்தின் தன்மையை அறிந்தால் இது விளங்கும். அதற்குப் பயன்படும் மெல்லிய தாள் மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும். தூரிகையால் ஒரு கோடு போட்டுவிட்டால் அதை அழிக்க முடியாது. எனவே, தோள் எங்கே முடிகிறது, கை எங்கே வளைகிறது என்பதெல்லாம் தூரிகை தாளைத் தொடுவதற்கு முன்பே ஓவியரின் மனத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குச் சில நொடிகளில் முடிந்த வேலையாகத் தோன்றும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் பல ஆண்டு கவனிப்பு இருக்கிறது.

மனிதர்களை வரைவதற்கும் இதே உழைப்பு வேண்டும். 1952ஆம் ஆண்டு சென் வென் ஷி, லியு காங், சியோங் சூ பியெங், சென் சோங் சுவீ ஆகிய நால்வரும் ஒன்றாகப் பாலித் தீவுக்குச் சென்றார்கள். அங்குள்ள மக்களையும் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையையும் நேரில் பார்த்து வரைந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பயணத்தில் விளைந்த ஓவியங்கள் சிங்கப்பூரில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 1954ஆம் ஆண்டு லியு காங் தீட்டிய ஓவியம் ஒன்றில், சென் வென் ஷி ஒரு பாலிப் பெண்ணைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார். பயணம் முடிந்து ஈராண்டு கழிந்த பின்னரும் அந்தக் காட்சி ஓவியருக்குப் பயன்பட்டது. கவனித்துப் பார்த்தது எளிதில் அழிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பெரிய ஓவியர்களால் முடியும். சாதாரண மாணவரால் முடியுமா என்று சிலர் கேட்கலாம். ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். மனித முகத்தை வரையச் சொன்னால், பெரும்பாலோர் கண்களை நெற்றிக்கு அருகில் வரைந்துவிடுவார்கள். கண்ணாடி முன் நின்று விரலால் அளந்து பார்த்தால், உச்சந்தலைக்கும் தாடைக்கும் ஏறத்தாழ நடுவில்தான் கண்கள் இருக்கின்றன என்பது தெரியவரும். இங்கே தவறு செய்தது கையன்று. நாள்தோறும் கண்ணாடியில் பார்த்த முகத்தை ஒரு நாளும் கவனிக்காததே தவறு. அளந்து பார்த்த மறுநிமிடமே அந்த மாணவர் வரையும் முகம் மாறிவிடும்.

விலங்குகளையும் மரங்களையும் வரைவதற்கும் இத்தகைய வழிகள் உள்ளன. புளோக்கின் கீழ்த்தளத்தில் நடமாடும் மைனாவை வரைய விரும்பும் ஒருவர், இறகுகளிலிருந்து தொடங்கக்கூடாது. உடலை ஒரு முட்டை வடிவமாகவும் தலையை ஒரு சிறு வட்டமாகவும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மைனா நகர்ந்துவிட்டால் கவலைப்படாமல் பக்கத்திலேயே இன்னொரு படத்தைத் தொடங்கலாம். அது மறுபடியும் பழைய நிலைக்கு வரும்போது முதல் படத்தைத் தொடரலாம். சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தை வரைபவர், கிளைகளை மட்டும் பார்க்காமல், கிளைகளுக்கு நடுவே தெரியும் வானத்தின் வடிவங்களையும் பார்க்க வேண்டும். அந்த வடிவங்கள் சரியாக அமைந்தால் கிளைகள் தாமே சரியாகிவிடும். நீர்வண்ணம் தீட்டும்போது வெளிர்நிறத்தை முதலிலும் அடர்நிறத்தை இறுதியிலும் பூசுவது வழக்கம். ஒளிபடும் இடத்தில் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிடலாம். வெயில் படும் இலையின் பச்சை வேறு, நிழலில் இருக்கும் இலையின் பச்சை வேறு என்பதை அப்போதுதான் கண் உணரும்.

இவ்வாறு கூர்ந்து பார்த்து வரைந்தவை வரலாறாகவும் மாறியிருக்கின்றன. சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் ஃபார்க்குவார், மலாயாப் பகுதியின் செடிகொடிகளையும் விலங்குகளையும் ஓவியமாக வரையச் செய்தார். அத்தொகுப்பில் 477 நீர்வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றை வரைந்தவர்கள் சீன ஓவியர்கள் என்று கருதப்படுகிறது. அவர்களுடைய பெயர்கள் தெரியவில்லை. ஒளிப்படக்கலை உலகுக்கு அறிமுகமானது 1839ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பே, பெயர் தெரியாத அந்தக் கைகள் இலையின் நரம்பையும் மீனின் செதிலையும் பதிவு செய்துவிட்டன. இன்று அவ்வோவியங்கள் சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கின்றன. காடுகள் சுருங்கிவிட்ட இக்காலத்தில், இந்த மண்ணில் என்னென்ன வாழ்ந்தன என்பதை அவை எடுத்துச் சொல்கின்றன.

கைப்பேசி ஒரு நொடியில் செய்வதற்கு ஒரு மணிநேரத்தைச் செலவிடுவது வீண் என்று வாதிடுவோர் உண்டு. இப்போது கணினியிடம் கேட்டாலே விரும்பிய படம் கிடைத்துவிடுகிறது. இந்த வாதத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. பாலிக்குச் சென்ற லியு காங்கும் தம்முடன் ஒளிப்படக் கருவியை எடுத்துச் சென்றவர்தான். ஆனால், அவர் அதைத் தம் கண்ணுக்குத் துணையாகக் கொண்டார். கண்ணுக்குப் பதிலாகக் கொள்ளவில்லை. வரைவதன் பயன் கடைசியில் கிடைக்கும் படத்தில் மட்டும் அடங்கியிருந்தால், கருவி போதும். வரையும்போது மனம் பெறும் பொறுமையையும் கவனத்தையும் எந்தக் கருவியாலும் பெற்றுத் தர முடியாது.

தேர்வுக்குப் படிக்கவே நேரம் போதவில்லை என்பது மாணவர்களின் மற்றொரு குறை. அது நியாயமானதே. ஆயினும், வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்குவது எவருக்கும் கடினமன்று. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். இங்கே சுவராக இருக்க ஒரு பென்சிலும் பழைய பயிற்சிப் புத்தகத்தின் வெற்றுப் பக்கமும் போதும். பள்ளிகளும் கலைப் பாடத்தில் சில வேளைகளையாவது வகுப்பறைக்கு வெளியே நடத்தினால் நன்மை விளையும். சுங்கை பூலோ சதுப்புநிலமும் பீஷான் பூங்காவின் ஆற்றங்கரையும் கட்டணமின்றித் திறந்திருக்கும் வகுப்பறைகள் அல்லவா?

மாணவர்கள் அனைவரும் ஓவியர்களாக வேண்டியதில்லை. வரைந்த படம் கோணலாக இருந்தாலும் குறையில்லை. கொக்கு எப்படிக் காலை மடக்குகிறது, பாட்டியின் கை எப்படித் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கிறது என்று ஒருமுறை பார்த்து வரைந்தவர், அவற்றை மறுபடியும் அலட்சியமாகக் கடந்து செல்லமாட்டார். கூர்ந்து பார்த்ததன்மீது மனத்தில் அன்பு தோன்றும். அன்பு தோன்றியதைக் காக்கவும் மனம் வரும். இயற்கையைக் காக்க வேண்டும் என்று மேடையில் முழங்குவதற்குமுன், வீட்டு வாசலில் நிற்கும் ஒரு மரத்தைப் பத்து நிமிடம் பார்த்து வரைவது நல்ல தொடக்கமாக அமையும்.