ஈன்ற பசுவும் நம் அவசரமும்

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளைக் கண்ட அங்கத்தினர்கள் அறிவார்கள். கிளுவை வேலி சூழ்ந்த அம்மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல்லின் நடுவே, பசு பெரும்பாலும் ஆள் துணையின்றித் தானே ஈன்று, கன்றை நக்கி எழுப்பிவிடும். செந்நிறமாய்ப் பிறக்கும் அக்கன்று ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் கொள்ளும். விபத்து நேர்வது பெரும்பாலும் நாம் படலைத் திறந்துகொண்டு உள்ளே செல்லும்போதுதான்.

தறியொன்றும் பசுவொன்றுமாய்ப் பிழைக்கும் அம்மையார் ஒருவர் நம் சங்கத்தில் உண்டு. சென்ற கோடையில் விடியற்காலை, ஈன்று சில நாழிகையே ஆன கன்றை நிழலில் கிடத்த எண்ணி, பசுவின் பின்புறமாகச் சென்றார். வீட்டு நாயும் கூடவே சென்றது. பசு நாயின்மீது பாய்ந்தது. நாய் அவர் காலடியில் ஒண்டியது. இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. தறி இரண்டு மாதம் ஓடவில்லை. "பொல்லாத மாடு" என்று ஊரார் தீர்ப்புச் சொன்னார்கள். ஆறு வருஷம் அவர் கையால் பால் கொடுத்த மாடு அது!

இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. பசுவின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் சுற்றிலும் அதற்குத் தெரியும். நேர் பின்னால் வருவது மட்டும் தெரியாது. கன்று ஈன்ற பசுவுக்கு நாய் ஓநாயே. நாயைக் கட்டிவிட்டு, குரல் கொடுத்துக்கொண்டு பக்கவாட்டில் அணுகி, கன்றைத் தாயின் கண்ணெதிரிலேயே வைத்திருந்தால் இவ்விபத்து நேர்ந்திராது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. மாடு மிரண்டு ஓடினால் விரல் போகும். ஆளையே இழுத்துச் செல்வதும் உண்டு.

இழுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கன்றின் முன்னங்கால்களும் அவற்றின்மேல் படிந்த மூக்கும் தெரிந்தால் பொறுத்திருக்கலாம். பசு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி, மெதுவாய் உதவ வேண்டும். நாமோ நான்கு ஆட்களைக் கூட்டி ஒரே மூச்சில் இழுக்கிறோம். கன்றும் போகிறது, பசுவும் இடுப்பு விழுந்து எழமாட்டாமல் கிடக்கிறது. பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லையெனில் கால்நடை வைத்தியரை அழைப்பதே முறை. 1962 என்ற தொலைபேசி எண் அதற்கென்றே இருக்கிறது. சிறிய கிடாரிக்கு முதல் ஈற்றிலேயே பெரிய சீமை இனத்துச் சினை ஊசி போடச் சொல்லும் ஆசையும் இத்துன்பத்திற்கு ஒரு காரணம். இதில் சங்கத்திற்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் கொடுக்கக் கூடாதென்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். பிறக்கும்போது கன்றின் இரத்தத்தில் நோயெதிர்ப்புச் சக்தி அநேகமாக இல்லை. அதைச் சீம்பாலிலிருந்து ஏற்கும் திறனும் ஒரு நாளுக்குள் அற்றுப்போகும். ஆகையால் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் குடிக்கவிட வேண்டும். கொடியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும், வெறுங்கையால் பறித்தெடுப்பதும் பசுவுக்கு மட்டுமல்ல, நமக்கும் ஆபத்து; கன்றுவீச்சு நோய் அவ்வழியே மனிதருக்கும் தொற்றும். பால் காய்ச்சலில் தலை சாய்த்துக் கிடக்கும் பசுவின் வாயில் மூங்கில் குழாயால் மருந்து ஊற்றுவதோ நுரையீரலில் ஊற்றுவதற்குச் சமானம். அதற்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்து ஊசி. அதுவும் வைத்தியர் கையால்.

இவ்வளவும் சொன்ன பின் சங்க நிர்வாகிகளிடம் ஒரு கேள்வி. கடன் கொடுத்து வாங்கும் ஒவ்வொரு பசுவுக்கும் இன்ஷ்யூரன்ஸ் கேட்கிறோம். மாடு செத்தால் சங்கத்தின் பணம் திரும்பிவிடும். மாட்டைப் பிடிப்பவரின் விலா முறிந்தால்? அந்த அம்மையாருக்குச் சங்கத்திலிருந்து ஒரு தம்பிடி கொடுக்க விதியில் இடமில்லை என்றார்கள். விதியை எழுதியது நாமேயல்லவா! அடுத்த மகாசபையில் விபத்து நிதிக்கென ஒரு தீர்மானம் கொண்டுவர உத்தேசித்துள்ளோம். பால் சேகரிக்கும் கொட்டகை ஒவ்வொன்றிலும் சுத்தமான பிரசவக் கயிறு, தொப்புளுக்கு அயோடின், கையுறை ஆகியவற்றை வைக்கவும் அதே தீர்மானத்தில் கேட்போம்.

பசுவை விற்றுவிடும்படி பலரும் அம்மையாருக்குச் சொன்னார்கள். அவர் விற்கவில்லை, நாயைத்தான் இப்போது கட்டிப்போடுகிறார்.